ஃப்ரீசரில் வைத்தால் பரக்கத் போய்விடுமா?



ஷஃபான் பிறை பாதியைத் தாண்டியதும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் சமோசா மடித்தும், கட்லெட் தட்டியும், கஞ்சிக்கான கைமாவை வதக்கியும் ஃப்ரீசரில் அடுக்கத் தொடங்குகிறார்கள். உடனே ஒரு பேச்சும் எழுகிறது: "அன்றன்று ஆக்குவதில்தான் பரக்கத், ஐஸில் கிடந்த பண்டத்தில் என்ன இருக்கிறது?" சென்ற ஆண்டு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு சகோதரர் இதை மார்க்கச் சட்டம் போலவே எடுத்துரைத்தார். சுற்றி நின்றவர்களும் தலையசைத்தார்கள்.

இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறோம். குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஓராண்டு தடுத்தார்கள். மக்கள் வறுமையில் வாடிய ஆண்டு அது. மறு ஆண்டே, உண்ணுங்கள், உண்ணக் கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்ற கருத்தில் அனுமதி அளித்துவிட்டார்கள். பசித்தவர் வாசலில் நிற்கையில் பதுக்குவதுதான் அங்கே தடுக்கப்பட்டது. தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை அவர்கள் ஒதுக்கி வைத்த செய்தியும் புகாரியில் உண்டு. நம் பாட்டிமார் உப்புக்கண்டம் காயவைத்தபோது பரக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆக, இங்கே பேசுவது மார்க்கம் அன்று, நாக்கு. அஸருக்குப் பின்னுள்ள அந்த ஒரு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். வாணலியில் எண்ணெய் கொதிக்கிறது. தவழும் பிள்ளை தாயின் காலைப் பற்றி எழ முயல்கிறது. மூன்று வயது மூத்தது கூடத்தில் அழுகிறது. அவளும் நோன்பாளிதான். நோன்பாளியின் துஆ ஏற்கப்படும் நேரம் என்று மிம்பரில் நாமே சொல்லும் அந்த நேரத்தில், அவள் வடை சரியாக வெந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரமழானில் பெண்களுக்கான குர்ஆன் வகுப்பு முதல் வாரத்திலேயே மெலிந்துவிடுவதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். காரணம் சோம்பல் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நம் வீட்டு அடுப்படிக்குள் நோன்பு நாளில் ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் வெட்கமாக மாறியது.

சகோதரிகளே, கைமாவை ஒரு நாளுக்குரிய அளவாகப் பிரித்து, சூடு ஆறியதும் தாமதியாமல் உள்ளே வையுங்கள். அரிசியும் பாசிப்பருப்பும் அன்றன்று வெந்தால் போதும். சமோசாவைப் பொரிக்காமல் தட்டில் பரப்பி உறையவைத்துப் பின் பையில் இட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. எடுத்தபடியே எண்ணெயில் இடலாம். மின்சாரம் நெடுநேரம் நின்று, இறைச்சி முழுவதும் இளகிச் சூடேறிவிட்டால் மீண்டும் உறையவைக்காதீர்கள். வீணாகிறதே என்று பிள்ளைக்கு ஊட்டவும் வேண்டாம். அடுத்த வீட்டுக்கென்றும் ஒரு பொதி இருக்கட்டும். பதுக்கலுக்கும் சேமிப்புக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பொதியில்தான் இருக்கிறது.

சகோதரர்களே, ஃப்ரீசர் வாங்கித் தந்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இந்த ஹதீஸை நாம் பிறருக்கு ஓதிக் காட்டிய தடவைகள் ஏராளம். செய்து காட்டியதைக் கணக்கிட ஒரு கை விரல்கள் மிகுதி. ஏழு வகைப் பண்டம் இல்லாமல் நோன்பு திறக்க முடியாது என்பவர், ஷஃபானிலேயே அவற்றில் மூன்றைத் தாமே செய்து வைக்கட்டும்.

வரும் சனிக்கிழமை நம் வீட்டில் நூறு சமோசா மடிக்க வேண்டும். மைதாப் பசை கரைப்பதும், லுஹர் வரை சின்னவனை அடுப்படிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது. இரண்டாவது வேலைதான் கடினம் என்று பிள்ளையின் உம்மா இப்போதே எச்சரித்துவிட்டார்.