கோடீஸ்வரன் வழக்கும் கூலி கேட்கும் உரிமையும்

உத்தியோகத்தில் பாரபட்சம் காட்டப்பட்டால் வழக்காடலாமே என்று நமக்கு ஆறுதல் கூறுவோர் உளர். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற பழைய பல்லவியையும் அவர்கள் கூடவே பாடுவர். அப்பெரியோர் கோடீஸ்வரன் வழக்கின் வரலாற்றை ஒருமுறை பொறுமையுடன் படித்துப் பார்க்கட்டும்.

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் தமிழ் ஊழியரின் சம்பளத்தில் கைவைத்தது 1961 டிசம்பரில் வெளிவந்த 560ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றறிக்கையின் மூலமே. சிங்களப் பரீட்சையில் சித்தி பெறாத அரசாங்க ஊழியருக்கு வருடாந்தச் சம்பள உயர்வு இல்லை என்றது அது. தமிழ் எழுதுவினைஞரான கோடீஸ்வரனின் உயர்வு 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபர்மீது வழக்குத் தொடுத்தார். ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு விதித்திருந்ததல்லவா? 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

பின்னர் நடந்தது என்ன? 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினைக்குள் புகவேயில்லை. முடிக்குரிய ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட இயலாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. உழைத்தவன் கூலி கேட்கலாமா என்பதே அங்கு கேள்வியாயிற்று! தமிழ் எழுதுவினைஞரைக் கட்டிய அக்கயிறு சிங்கள எழுதுவினைஞரையும் சேர்த்தே கட்டியது. இவ்வுண்மையைத் தெற்கின் தொழிலாளரிடம் எடுத்துச் செல்வதைவிடப் பெரிய பணி அன்றைய இடதுசாரிகளுக்கு வேறென்ன இருந்திருக்க முடியும்?

1969 டிசம்பரில் லண்டன் கோமறைக் கழகம் சம்பளத்துக்காக வழக்காடும் உரிமை உண்டென்றது. ஆனால் மொழிச்சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிற்று. அக்கேள்விக்கு இறுதிவரை விடை பிறக்கவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியல் திட்டத்தில் 29ஆம் பிரிவே இல்லாது போயிற்று. அத்திட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் இருமொழிச் சமத்துவத்துக்காகப் பாராளுமன்றத்தில் முழங்கியவர். எதிரியின் கையால் விழுந்த அடியாயிருந்தால் நாம் இவ்வளவு நொந்திருக்கமாட்டோம்.

வழக்கே வீண் என்று நாம் வாதிடவில்லை. 1969இன் தீர்ப்பு அரசாங்க ஊழியர் அனைவருக்கும் கிடைத்த பேறு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் இனம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்தல் வேண்டும். அதுவும் அரசின் நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே. தனியார் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணுக்கு இக்கதவு திறவாது. மலையகத் தோட்டங்களில் பெண்கள் ஆண்களுக்கு நிகரான நாட்கூலியைப் பெற்றது 1984இல், வேலைநிறுத்தத்தின் பின்னர். தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும் பாகுபாட்டு ஒழிப்புச் சட்டம் வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் மே தின மேடைகளில் கேட்கட்டும். அம்மேடைகளில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் தோட்டப் பெண்களும் ஏறிப் பேசட்டும்.