ஸ்ரீகாந்த் இல்லாத தமிழ்நாடு லெவன்

தலைப்பைப் பார்த்ததும் ஆட்டோ அனுப்பக் கிளம்பிவிடாதீர்கள் மக்களே. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள் :-)

காட்கோபரில் நாலு தமிழ்க் குடும்பம் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் மூன்று விஷயத்தில் வந்து நிற்கும். ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்ததா, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வருகிறதா, அப்புறம் கிரிக்கெட். முதல் இரண்டிலும் எல்லோருக்கும் ஒரே பதில்தான். மூன்றாவதில்தான் குரல் உயரும். அதிலும் "தமிழ்நாட்டோட ஆல்-டைம் லெவன் யாரு சார்?" என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் ரசம் ஆறிப்போகும், சண்டை ஆறாது.

நான் சொல்வது சென்னை சூப்பர் கிங்ஸ் இல்லை. அது 2008-இல் தொடங்கிய, ஏலத்தில் ஆள் எடுக்கும் அணி. அதற்கு லெவன் போடுவது பெரிய வேலையும் இல்லை. நான் சொல்வது ரஞ்சி அணியை. 1934-இல் மதராஸ் என்ற பெயரில் ஆட ஆரம்பித்து, பிறகு தமிழ்நாடு ஆன அணி. தொண்ணூறு வருஷத்துக் கணக்கு அது.

இப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் முதலில் பெயரை எழுதுகிறார்கள், அப்புறம் அந்தப் பெயருக்கு ஏற்ற காரணத்தைத் தேடுகிறார்கள். அதனால்தான் எல்லாப் பட்டியலும் இந்தியாவுக்கு ஆடிய தமிழர்களின் பட்டியலாக முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் விதியை முதலில் எழுத வேண்டும். என் விதி ஒரே வரிதான்: அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த அணிக்கு என்ன செய்தார்? இந்தியாவுக்கு என்ன செய்தார், எங்கே பிறந்தார், வீட்டில் என்ன பாஷை பேசினார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

இது நான் கண்டுபிடித்த விதி ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் ஜோ மொன்டானா என்று ஒரு மகா ஆட்டக்காரர். சான் பிரான்சிஸ்கோ அணிக்காக நாலு சூப்பர் பவுல் ஜெயித்தவர். கடைசி இரண்டு வருஷம், 1993-லும் 1994-லும், கேன்சஸ் சிட்டிக்குப் போய் ஆடினார். அந்த விளையாட்டின் மொத்தச் சரித்திரத்துக்கும் அணி போட்டால் அவர் பெயர் முதலில் வரும். கேன்சஸ் சிட்டிக்கு மட்டும் போட்டால் அந்த இரண்டு வருஷத்தை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும். ஆள் அதே ஆள்தான், கேள்விதான் வேறு.

இந்த விதி நம்மூரில் எங்கே கடிக்கும் என்று பாருங்கள். அஸ்வின் 106 டெஸ்டில் 537 விக்கெட். வெங்கட்ராகவன் ரஞ்சியில் 530 விக்கெட். இரண்டு பேரும் ஆஃப் ஸ்பின், இரண்டு பேரும் மெட்ராஸ்காரர்கள், இரண்டு பேரும் எஞ்சினியர்கள். ஒரு இடம்தான் இருக்கிறது. உலக அணிக்கு என்றால் நான் அஸ்வினைத்தான் எடுப்பேன், பேச்சே கிடையாது. ஆனால் தமிழ்நாட்டுக்கு? அஸ்வினின் நல்ல வருஷங்களை இந்தியா எடுத்துக்கொண்டது. அது அவர் குற்றம் இல்லை, இன்றைய கால அட்டவணை அப்படி. வெங்கட் 57 டெஸ்டும் ஆடி, இரண்டு உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்குக் கேப்டனாகவும் இருந்து, அதோடு கூடத்தான் மாநிலத்துக்கு 530 எடுத்தார். இடம் வெங்கட்டுக்கு.

சரி, அணிக்கு வருவோம்.

1. அபினவ் முகுந்த். 2008 நவம்பரில் நாசிக்கில் மகாராஷ்டிராவுக்கு எதிராக முரளி விஜய்யும் இவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 462 ரன். அந்த ஆட்டத்தின் நடுவிலேயே விஜய்க்கு இந்திய அணியிலிருந்து அழைப்பு வந்து நாக்பூர் டெஸ்டுக்குப் போனார். முகுந்த் நின்று ஆடி ஆட்டமிழக்காமல் 300 எடுத்தார். விஜய் டெஸ்டில் 12 சதம் அடித்த பெரிய ஆள்தான். ஆனால் மாநிலத்துக்காக வருஷா வருஷம் நின்று ஆடியவர் முகுந்த்.

2. டபிள்யூ.வி. ராமன். 1988-89-இல் ஒரே சீசனில் 1018 ரன். 1944-45-இல் பம்பாயின் ரூசி மோடி வைத்திருந்த 1008 ரன் சாதனை நாற்பத்துநாலு வருஷம் கழித்து உடைந்தது. பம்பாய் சாதனையை உடைத்தவர் என்பதற்காகவே காட்கோபரிலிருந்து ஒரு ஓட்டு கூடுதலாகப் போடலாம்.

3. எஸ். பத்ரிநாத். முதல்தரப் போட்டிகளில் பத்தாயிரத்துக்கு மேல் ரன், பெரும்பகுதி தமிழ்நாட்டுக்கு. இந்தியா கொடுத்தது இரண்டே டெஸ்ட்.

4. எஸ். சரத். எட்டாயிரத்துக்கு மேல் ரன். இந்தியத் தொப்பி ஒன்றுகூடக் கிடையாது. பெயரையே மறந்துபோனவர்கள் பலர். இப்படி ஒருவருக்கு இடம் கொடுக்கத்தான் இந்த விதியே வேண்டும்.

5. ஏ.ஜி. கிருபால் சிங். 1954-55-இல் பாலு அழகணன் தலைமையில் மதராஸ் முதல்முறை ரஞ்சி ஜெயித்தபோது அணியின் தூண். இந்தூருக்கே போய் ஹோல்கரைத் தோற்கடித்த ஆட்டம் அது. அதே 1955-இல் ஹைதராபாத்தில் தன் முதல் டெஸ்டிலேயே சதமும் அடித்தார்.

6. ராபின் சிங். 1987-88-இல் இரண்டாம் முறை கோப்பை வந்த அணியில் இருந்தவர். இடது கை பேட்டிங், மித வேகம், ஃபீல்டிங், மூன்றும் ஒரே ஆளிடம்.

7. ஏ.ஜி. ராம் சிங். கிருபாலின் அப்பா. 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சியின் முதல் ஆட்டத்தில் மைசூரின் 11 விக்கெட்டை எடுத்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. டெஸ்ட் ஆடவே இல்லை.

8. தினேஷ் கார்த்திக், விக்கெட் கீப்பர். 2006-07-லும் 2020-21-லும் தமிழ்நாடு இருபது ஓவர் கோப்பை ஜெயித்தபோது இரண்டுக்கும் இவர்தான் கேப்டன். நடுவில் பதிமூன்று சீசன்.

9. எஸ். வெங்கட்ராகவன், கேப்டன்.

10. வி.வி. குமார். லெக் ஸ்பின். ரஞ்சியில் 417 விக்கெட். இரண்டு டெஸ்ட்தான் ஆடினார், அதில் முதல் டெஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட்.

11. எம்.ஜே. கோபாலன். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். ஹாக்கி அணி தங்கம் வாங்கியது, இவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாவது ஆள் கே. ஸ்ரீகாந்த். 1983-இல் லார்ட்ஸில் அவர் அடித்த 38-தான் அந்த இறுதி ஆட்டத்தில் இரு அணியிலும் சேர்த்து அதிகபட்சம். அந்த 38-ஐ நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். ஆனால் அது இந்தியச் சட்டை. மாநிலக் கணக்கை மட்டும் எடுத்தால் ராமனும் முகுந்தும் முன்னால் நிற்கிறார்கள். விதி என்று ஒன்று வைத்துவிட்டு, பிடித்தவருக்காக அதை வளைத்தால் அது விதியே இல்லை.

"சார், அந்தக் காலத்துப் பவுலிங் இன்னைக்கு எடுபடுமா?" என்ற கேள்வி உடனே வரும். இந்தக் கேள்வியையே நான் ஏற்பதில்லை. ஆரம்பத்தில் ரஞ்சி நாக்-அவுட். தோற்றால் அந்த வருஷம் அதோடு முடிந்தது. ராம் சிங்குக்குக் கிடைத்த ஆட்டங்களைவிட இன்றைய பையனுக்கு ஒரே சீசனில் பல மடங்கு கிடைக்கிறது. பிட்ச்சை மழைக்கு மூடும் வழக்கமும் அப்போது இல்லை. ஆகவே அவரவர் காலத்தில், அவரவருக்குக் கிடைத்த ஆட்டத்தில், கூட ஆடியவர்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார்கள் என்றுதான் பார்க்க முடியும். மொத்தக் கூட்டலை மட்டும் பார்த்தால் கடைசியாகப் பிறந்தவன்தான் எப்போதும் ஜெயிப்பான்.

இப்போது இந்தப் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே படியுங்கள். கிருபால், ராம் சிங் குடும்பத்தின் வேர் அமிர்தசரஸ். 'ஏ' என்ற முதல் எழுத்தே அதுதான். மூன்று தலைமுறையாக மெட்ராஸுக்கு ஆடிய குடும்பம் அது. கிருபாலின் மகன் அர்ஜன் 1988-89-இல் கோவாவுக்கு எதிராக முச்சதம் அடித்தார், அதே இன்னிங்ஸில் ராமனும் 313 அடித்தார். ராபின் சிங் பிறந்தது ட்ரினிடாடில். அப்புறம்தான் மெட்ராஸுக்குப் படிக்க வந்தார். பதினொன்றில் மூன்று பேர். இவர்களை "வெளியூர்க்காரங்க" என்று ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டுக்கு அணி போடத் துணிவு உள்ளவர் யாராவது இருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். ராம் சிங் நம்ம ஆள்தான், யாரும் மறுக்கப்போவதில்லை.

அப்படியானால் அதே விதி இங்கேயும் செல்ல வேண்டும் இல்லையா? இங்கேதான் நம்மவர்கள் நழுவுகிறார்கள். ஷ்ரேயஸ் ஐயர் சதம் அடித்தால் போதும், காட்கோபரிலிருந்து மாட்டுங்கா வரை "நம்ம பையன்!" என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர் மும்பையில் பிறந்து, சிவாஜி பார்க்கில் கற்று, 2015-16-இல் மும்பைக்காக 1321 ரன் அடித்து அந்த வருஷம் கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர். பெயரின் பின்பாதியை வைத்துக்கொண்டு அவரைத் தமிழ்நாட்டுக் கணக்கில் எழுத முடியாது. அமிர்தசரஸ்காரர்கள் ராம் சிங்கைத் திருப்பிக் கேட்டால் கொடுப்போமா?

இது வெறும் கிரிக்கெட் விவகாரமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானத்தில் மும்பைக்கும் தமிழ்நாட்டுக்கும் ரஞ்சி அரையிறுதி. காட்கோபரிலிருந்து கூப்பிடு தூரம். தமிழ்நாடு 146-க்குச் சுருண்டது. பதிலுக்கு மும்பையும் 106-க்கு 7 விக்கெட், சாய் கிஷோர் சுழற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஷர்துல் தாக்கூர் வந்து 109 அடித்தார். மும்பை 378. ஒரு இன்னிங்ஸ் 70 ரன்னில் தோல்வி. ஷர்துல் சதத்துக்கு என் பையன் குதித்துக் கைதட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு மாமா, "என்னடா, தமிழ்ப் பையனா இருந்துண்டு அவாளுக்குக் கைதட்டறே?" என்றார். பையன் பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். "அவன் ஊர் டீம் மாமா, அவன் தட்டட்டும்" என்றேன்.

இங்கேயே பிறந்து, இங்கே பள்ளிக்கூட மைதானத்தில் மராத்திப் பையன்களோடும் குஜராத்திப் பையன்களோடும் டென்னிஸ் பந்து ஆடி வளரும் பிள்ளை மும்பைக்குத்தான் கைதட்டும். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளை ஒன்று மும்பைக்கு ஆடினால் அது மும்பைக்காரனாகத்தான் ஆடும், ஆட வேண்டும். அதனால் தமிழ் போய்விடாது. ராம் சிங் மெட்ராஸுக்கு ஆடியதால் சீக்கியராக இல்லாமல் போய்விட்டாரா என்ன? தமிழ் வீட்டில் பேசுவதில் இருக்கிறது, படிக்கக் கற்றுக்கொடுப்பதில் இருக்கிறது. அந்த வேலையைச் சரியாகச் செய்யாமல், அரையிறுதியில் யாருக்குக் கைதட்டினான் என்று பிள்ளையைப் பிடித்து விசாரிப்பது வீண் வேலை.

நமக்குக் கடுப்பு இருக்கும், எனக்கும் உண்டு. தமிழ்நாடு பன்னிரண்டு ரஞ்சி இறுதி ஆட்டங்கள் ஆடி இரண்டில்தான் ஜெயித்தது. தோற்ற பத்தில் ஐந்து இந்த ஊர் அணியிடம். அதில் 1972-73 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டிவிட்டு, நாம் 80-க்கும் 61-க்கும் சுருண்டோம். மூன்றாம் நாள் முதல் பந்தோடு கதை முடிந்தது. நம்மைச் சுருட்டியவர் பத்மாகர் ஷிவல்கர், 8-க்கு 16, 5-க்கு 18. 2025 மார்ச்சில் காலமானார். பம்பாய்க்காக அத்தனை விக்கெட் எடுத்தும் அவருக்கும் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை, நம் ராம் சிங் மாதிரி, சரத் மாதிரி. மும்பைக்கு ஆல்-டைம் லெவன் போடுகிறவர்கள், இந்தியத் தொப்பியைப் பார்த்தால் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். மும்பைத் தொப்பியைப் பார்த்தால் தாண்ட முடியாது.

அந்த அணியை என் பையன் போடட்டும். ஷிவல்கரை விட்டுவிட்டால் மட்டும் நான் சண்டைக்குப் போவேன் :-)