ஆறு பெருகினால் கடையடைப்பு

மழை பொய்த்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது பாலவனத்தம் வணிகர்களாகிய நமக்குத் தெரிந்த கணக்கு. தண்ணீர் பெருகினால் வியாபாரம் படுத்துவிடும் ஊரும் நம் மாநிலத்தில் உண்டு. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், காவிரிக் கரையிலுள்ள ஒகேனக்கல்தான் அது.

2024 ஆடியில் நாங்கள் சிலர் குடும்பத்தோடு வேனில் அங்கே போயிருந்தோம். பரிசல்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அந்த ஜூலை 30-இல்தான் மேட்டூர் அணை 120 அடியை எட்டியிருந்தது; ஒகேனக்கல்லில் வினாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர். பரிசலுக்கும் தடை, குளியலுக்கும் தடை. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. கூட்டம் சேர வேண்டிய நேரத்தில் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பரிசல் ஓடினால்தான் அங்கே ஆள் வரும். ஆள் வந்தால்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்குக் கூலி. மீன் வறுத்துக் கொடுக்கும் பெண்களுக்கு வேலை. அவர்கள் எண்ணெயும் மிளகாய்த் தூளும் வாங்கினால்தான் மளிகைக் கல்லாவில் ரொக்கம் விழும். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரி நீரைத் திறந்தால் இத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகிறது.

அதற்காகத் தடையைத் தளர்த்து என்று வணிகர்கள் கேட்கலாமா? கூடாது என்பதே எங்கள் கருத்து. 2015-இல் அங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மாண்டார்கள். லைஃப் ஜாக்கெட் போடாதவரைப் பரிசலில் ஏற்றாதே என்று கடைக்காரர்களே குரல் கொடுக்க வேண்டும்.

கேட்க வேண்டியது வேறு. மேலே அணை திறந்த தண்ணீர் அந்த நொடியே வந்துவிடுவதில்லை. தகவல் கிடைத்ததும் கடை கடையாகச் சொல்லிவிட்டால் மீனும் காய்கறியும் கொள்முதல் செய்து அழுக விட வேண்டாமே! பொதுக் கட்டடங்களில் கடை வைத்திருப்போருக்குத் தடை நாட்களின் வாடகையைக் கழித்துக்கொடுப்பதும் நியாயம். மொத்த வியாபாரிகளும் பாக்கிக்கு நெருக்காமல் தவணை தர வேண்டும். மிளகாய் விளையாத வருடங்களில் விருதுநகர் மொத்தக் கடைகள் பொறுத்துக்கொண்டிராவிட்டால் நம்மில் எத்தனை பேர் இன்று கடை திறந்திருப்போம்?

ஒகேனக்கல் போக நினைக்கும் உறுப்பினர்கள், தடை உண்டா என்று விசாரித்துவிட்டு வண்டி ஏறவும். தண்ணீர் வடிந்து பரிசல் விட்ட முதல் வாரமே போனால் நல்லது. சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போகாமல், அங்கேயே சாமான் வாங்கிச் சமைக்கச் சொல்லுங்கள்.