குரு நம்மைப் பார்ப்பது இருக்கட்டும், நாம் குருவைப் பார்த்தோமா?

'குரு பார்க்க கோடி நன்மை'ன்னு உங்க வீட்லயும் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. சரி, நீங்க குருவைப் பார்த்திருக்கீங்களா? படத்துல இல்ல, வானத்துல. என் வகுப்பில் இதைக் கேட்டுப் பார்த்தேன். ராக்கெட் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களாலும் வெளியே வந்து விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை. கிண்டலுக்குச் சொல்லலை. போன டிசம்பர் வரை நானும் அதே கூட்டம்தான்.

எனக்கு அது மூன்று தனித்தனி ஆட்கள். இங்கிலீஷ் மீடியம் சயின்ஸ் புத்தகத்தில் ஜூபிடர், தமிழ்ப் பாடத்தில் வியாழன், வீட்டில் குரு. மூணும் ஒண்ணுதான்னு பரீட்சையில் கேட்டால் எழுதிடுவேன். ஆனால் ஒண்ணா நினைச்சுப் பார்த்ததே இல்லை.

எங்க வீட்டில் குருவுக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. அக்காவுக்கு மீன ராசி. குரு ரிஷபத்தில் இருந்தபோது அவளுக்கு மூன்றாம் இடம், மிதுனத்துக்கு வந்ததும் நான்காம் இடம். இரண்டிலும் குரு பலன் இல்லையாம். அதனால் இரண்டு வருஷமாகக் கல்யாணப் பேச்சும் இல்லை. நடுவில் அவளுக்கே பிடித்த ஒரு வரன் வந்தது. "குரு கடகத்துக்குப் போகட்டும், அப்புறம் பேசலாம்" என்று எங்க வீட்டில் சொன்னார்கள். அவங்க வீட்டில் காத்திருக்கவில்லை. அக்கா அதைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

இன்டர்ன்ஷிப் பணத்தில் டிசம்பரில் ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கினேன். 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தூரம். "இந்தக் காசுக்கு ஒரு கோர்ஸ் முடிச்சிருந்தா ரெஸ்யூமேல போட்டிருக்கலாம்" என்றார் அப்பா. நியாயம்தான்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்க மொட்டை மாடிக்கு வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே சேலம் டவுன் வெளிச்சம். ரெண்டும் வானத்தில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கும். ஆனால் இந்த ஜனவரியில் வியாழன் இரண்டிலும் மாட்டவில்லை, நடுராத்திரியில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வந்து நின்றது. 10ஆம் தேதி அது பூமிக்கு ஒரு பக்கம், சூரியன் மறுபக்கம். பொழுது சாயும்போது உதித்து விடியும்வரை வானத்தில் இருந்தது.

10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 70 மடங்கு. சின்ன வெளிர் மஞ்சள் தட்டு, அதன் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள், பக்கத்தில் ஒரே கோட்டில் நாலு புள்ளிகள். நாலும் நிலாக்கள். மறுநாள் பார்த்தால் புள்ளிகள் இடம் மாறியிருந்தன. அயோ என்கிற நிலா இரண்டு நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும், கலிஸ்டோவுக்குப் பதினாறு நாளுக்கு மேல் ஆகும். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ முதலில் மூன்று புள்ளிகளைப் பார்த்தார், சில நாள் கழித்து நான்காவது தெரிந்தது. எல்லாமே பூமியைச் சுற்றவில்லை என்பதற்கு அவருக்குக் கிடைத்த கண்கண்ட சாட்சி அது. அவரிடம் இருந்ததைவிட என்னுடையது நல்ல டெலஸ்கோப்.

அக்காவைக் கூப்பிட்டேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அது அப்போது 63 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது, நீ பார்க்கிற வெளிச்சம் 35 நிமிஷத்துக்கு முன்னாடி கிளம்பினது என்று சொன்னேன். அவள் நிமிராமலே கேட்டாள்: "இவருக்காகவாடா நான் ரெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன்?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "குரு இப்ப வக்கிரமா இருக்காரு கண்ணு" என்று மட்டும் சொன்னார். ஆரம்பிச்சுட்டாங்கடா என்று நினைத்துக்கொண்டே போனில் ஆப்பைத் திறந்தேன். அம்மா சொன்னது சரி. நவம்பரிலிருந்து மார்ச் வரை வியாழன் நட்சத்திரங்களுக்கு நடுவே பின்னோக்கிப் போவது போலத் தெரியும். பைபாஸில் நம்ம பஸ் ஒரு லாரியை முந்தும்போது, தூரத்து மலையை வைத்துப் பார்த்தால் லாரி பின்னால் போவது போல இருக்குமே, அதேதான். பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போய் வியாழனை முந்துகிறது. காரணம் எனக்குத் தெரியும், ஆனால் எப்போது நடக்கிறது என்று தெரியாது. அம்மாவுக்கு அது எப்போது என்று தெரியும், காலண்டரில் இருக்கிறது. ஆனால் அம்மாவும் அன்றைக்கு வரை அதை வானத்தில் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஜோசியத்தை நம்புகிறவர்களும் வானத்தைப் பார்ப்பதில்லை, கிண்டல் செய்கிற நாமும் பார்ப்பதில்லை. மீம் போடுவதில் மட்டும் நாம் கெட்டிக்காரர்கள்.

இதைச் சரியாகச் செய்த ஒருவர் நம்ம பக்கத்திலேயே இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867இல் ஆர் ரெடிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை மக்களுக்கு விளக்க ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் எழுதினார். பழைய பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பார்த்து, திருத்திய பஞ்சாங்கமும் போட்டார். இன்றைக்கு நாம் 'திருக்கணிதம்' என்கிற சொல் 'த்ருக்', அதாவது பார்வை, என்பதிலிருந்து வந்தது. கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் கணக்கு என்று அர்த்தம். அவர் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடவில்லை. டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து கணக்கைத் திருத்தினார்.

'டெலஸ்கோப்பில் பார்த்தால் ஜாதகம் பொய்யாகிவிடுமா?' என்று கேட்பீர்கள். ஆகாது. குரு பலன் உண்டா இல்லையா என்று எந்த லென்ஸும் சொல்லாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அக்கா கல்யாணத்தை அக்காதான் முடிவு செய்யணும் என்பதில் மாற்றமும் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் இந்தப் பேச்சு வந்தால் நான் கத்துவேன், அம்மா எழுந்து போய்விடுவார். இப்போது "அவ்வளவு தூரத்துல இருக்கிறது நம்ம வீட்டு விஷயத்துல எப்படிம்மா வரும்?" என்று கேட்டால் அம்மா உட்கார்ந்து பதில் சொல்கிறார். பதில் எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் பேச்சு நடக்கிறது. போன வாரம் அதில் அக்காவும் பேசினாள்.

அதனால் என் கோரிக்கை சின்னது. அடுத்த சிம்போசியத்தில் மேடை அலங்காரத்துக்குப் போகும் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு டெலஸ்கோப் வாங்கி ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைப்போம். நகர வெளிச்சம் இருந்தாலும் பிரகாசமான கோள்களுக்குப் பிரச்சினை இல்லை. பகல் வெயிலில் சூடான சிமென்ட் தளம் ராத்திரி ஆறும்வரை படம் தண்ணீருக்குள் தெரிவது போல ஆடும், அதனால் பத்து மணிக்கு மேல் பாருங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

ருசி பிடித்தால் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூருக்கு ஒரு ட்ரிப் போடலாம். 1972இல் வியாழனின் நிலா கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அங்கிருந்தும் பதிவு செய்தார்கள். அந்த நிலாவுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் என்ற பேச்சு அந்தப் பதிவுகளிலிருந்துதான் வந்தது. நம்ம மலையிலிருந்து நடந்த வேலை அது.

ஜூன் 9 வாக்கில், பொழுது சாய்ந்ததும் மேற்கே வெள்ளியும் வியாழனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்போது நாங்கள் காலேஜில் இருக்க மாட்டோம். குருவும் கடகத்துக்குப் போயிருப்பார், வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். ஜூனியர்ஸ், அன்றைக்கு ஹாஸ்டல் மாடி உங்களுடையது. நான் எங்க மாடியில் இருப்பேன். அக்கா இப்பவே சொல்லிவிட்டாள், முதலில் பார்ப்பது அவள்தானாம்.