மூக்கு தூக்குதா, குத்துதா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் மூட்டையோட இறங்கும்போது பிரேக் அடிச்சா, பாரம் முன்சக்கரத்துக்குச் சாயும். அங்கே தப்பான ஸ்பிரிங் இருந்தா?

இசுஸு டி-மேக்ஸ் மாதிரி பிக்கப்புக்கு முன்னாடி காயில் ஸ்பிரிங். (பழைய மலை ஜீப்புக்குப் பட்டை ஸ்பிரிங், அது வேற கதை.) அந்தக் காயில் ஷாக்கைச் சுத்தி உட்கார்ந்தா, அதான் காயில்ஓவர்.

மூக்கைத் தூக்கிக்கிட்டு, குழியில தடதடன்னு சக்கரம் எகிறினா ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு. எகிறுற சக்கரத்துல பிரேக் சரியா பிடிக்காது. மூக்கு குத்தி, பம்ப் ஸ்டாப்புல 'டம்'னு இடிச்சா ரொம்ப மெத்து. அட்ஜஸ்டிங் நட்டு உள்ள வண்டின்னா, உடனே அதைத் திருகிடுவாங்க. வண்டி நிமிரும், விறைப்பு மாறவே மாறாது!

வெர்னியரை எடுங்க பாஸ். ரெண்டு பக்கமும் கம்பித் தடிமன், சுருளின் விட்டம், சுற்று எண்ணிக்கை பாருங்க. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண ஃபார்முலா இங்கேதான் உதவும். விறைப்பு, தடிமனின் நாலாவது அடுக்கில் ஏறும். மத்ததெல்லாம் அதே அளவா இருக்க, 14 மி.மீ. கம்பி 15.4 ஆனா விறைப்பு 46 சதவீதம் எகிறும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாம மேல் நட்டில் கை வைக்காதீங்க, மூஞ்சிக்கே பாயும். மாத்தின பிறகு உயரம் மாறும், கேம்பரும் டோவும் நகரும். அலைன்மென்ட் பார்த்துட்டு மலை ஏறுங்க.