ஜவ்வாது மலைக்கு மூட்டை கட்டும்போது

"அக்கா, அரையாண்டு லீவுல பசங்களைக் கூட்டிக்கிட்டு ஜவ்வாது மலைக்குப் போறோம். என்னென்ன எடுத்து வைக்கணும்?" என்று பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் வந்து கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். போன வருஷம் நான் பட்ட பாட்டை நினைத்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சாப்பாடு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பாதையில் வளைவுகள் அதிகம். குழந்தைகளுக்கு வயிறு முட்டக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏற்றாதீர்கள். இட்லி இரண்டு போதும். எலுமிச்சம்பழமும் பழைய செய்தித்தாளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மதியத்துக்குப் புளியோதரை கெடாது. மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டால் குரங்கு விடாது. குடிதண்ணீர் வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறவைத்து எடுத்துப் போங்கள்.

மார்கழியில் அங்கே ராத்திரி நன்றாகவே குளிரும். ஆளுக்கொரு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா அவசியம். காவலூரில் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் அதற்கு. பொதுமக்களுக்கு எந்த நாளில் அனுமதி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். வானத்தில் மேகம் இருந்தால் பார்க்க முடியாது, குழந்தைகளிடம் அதையும் சொல்லி வையுங்கள்.

டார்ச் லைட் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். இருட்டில் செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லா இடத்திலும் செல்போனில் சிக்னல் கிடைக்காது. முக்கியமான நம்பர்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

மருந்துப் பையில் தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு, கட்டுத்துணி, கொசு விரட்டும் களிம்பு. யாராவது தினமும் மருந்து சாப்பிடுபவராக இருந்தால், இரண்டு நாளைக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நானும்தான் எடுத்துப் போனேன். "கரடி இருக்குதாமே, குழந்தையைப் பத்திரமாப் பாத்துக்கோ" என்று மாமியார் சொன்னதால் ஒன்பது வயது மகளின் கையை விடவே இல்லை. ஆனால் பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒரு மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது, எடுத்துப் போன ஜமுக்காளத்தை வண்டியிலிருந்து இறக்கவில்லை. புதுசு, மண் ஒட்டினால் போகாதே என்ற எண்ணம். எல்லோரும் புல்லிலேயே உட்கார்ந்தோம். அவள் பாவாடை சட்டையோடு புதர் ஓரத்தில் உருண்டு விளையாடினாள்.

வீடு திரும்பிப் பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். பக்கத்து டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார். நாலு நாளாகியும் இறங்கவில்லை. தலைவலி தாங்காமல் அழுதாள், சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டிருந்த மாமியார், "இங்க வந்து பாரு, இது என்ன பீடி நெருப்பு சுட்ட மாதிரி?" என்று கூப்பிட்டார். இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், கறுப்பாகப் பொருக்குத் தட்டிய ஒரு புண். அவளுக்கு அது வலிக்கவே இல்லையாம்.

அன்றே வேலூருக்கு ஓடினோம். அங்கே டாக்டர் புண்ணைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "காடு, மலைன்னு எங்கயாவது போனீங்களா?" நாங்களாக அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை!

ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சலாம். புல் புதரில் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களை வாட்டிய அதே காய்ச்சல்தான். நம் பக்கத்தில் மழைக்குப் பிறகும் பனிக்காலத்திலும் அதிகம். கடித்து ஒரு வாரம், சில சமயம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். புண் எல்லோருக்கும் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த மருந்துக்கே அடங்கிவிடும். என் மகளுக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், டாக்டர்தான் தர வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, மூட்டையில் இவற்றை முதலில் வையுங்கள்: குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை பேண்ட், காலுறை, ஷூ, உட்காரக் கெட்டியான ஜமுக்காளம், மாற்று உடை. துணியைப் புல்லின் மேலோ புதரின் மேலோ காயப் போடாதீர்கள். திரும்பியதும் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். குழந்தையின் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். போய் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "மலைக்குப் போய் வந்தோம்" என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

காலியாக ஒரு துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சாமை அரிசியும் தேனும் வாங்கி வரலாம். குப்பையைப் போட்டுக் கீழே கொண்டுவர இன்னொரு பை.

பயப்படாமல் போய் வாருங்கள். ஜமுக்காளத்தை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள். அழுக்கானால் வெளுத்துக்கொள்ளலாம்.