எத்தனையாவது அட்டெம்ப்ட்?

முதல் கோணல் முற்றும் கோணல் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்த பிள்ளை இந்தியாவில் உரிமம் பெற எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் ஒரு தடவை தவறினால் போதும், தெருவே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறது. "நீட்ல மார்க் வராம காசு கட்டிப் போனவன்தானே, இங்க வந்ததும் சாயம் வெளுத்துப்போச்சு" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். சம்பந்தம் பேச வருகிறவர்கள், பையன் எந்த நாட்டில் படித்தான் என்பதைவிட எத்தனையாவது அட்டெம்ப்டில் தேறினான் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். உள்நாட்டுக் கல்லூரிகளில் படித்த மருத்துவர்கள் சிலரும் இந்தப் பேச்சுக்குத் தலையாட்டுகிறார்கள். உரிமத் தேர்வில் தவறியவருக்கு மருத்துவம் வராது என்பது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. இது உண்மை அல்ல. அதோடு, தவறியவர் மறுபடி எழுதித் தேறுவதற்குக் குறுக்கே நிற்கிற பெரிய தடையும் இந்த நம்பிக்கைதான்.

தேர்வு எப்படிப்பட்டது என்று விசாரிக்காமலே தீர்ப்பு வந்துவிடுகிறது. 2002 முதல் தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை இதை நடத்துகிறது. 300 கேள்விகள், இரண்டு பகுதிகளாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. 150 வாங்கினால் தேர்ச்சி, 149 வாங்கினால் அடுத்த தேர்வு வரை வீட்டில். தர வரிசை எதுவும் கிடையாது. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பையும் தேர்வு விதி வைக்கவில்லை. மறுபடி எழுதுவது சகஜம் என்று விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது, ஒப்புக்கொள்ளாதது நாம்தான்.

உக்ரைனில் குண்டு விழுந்துகொண்டிருந்த 2022 மார்ச்சில், நம் மாணவர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் பதுங்கியிருந்த நேரத்தில், வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் 90 சதவீதம் பேர் இந்தியத் தேர்வில் தேறுவதில்லை என்று ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி சொன்னார். சொன்ன நேரம் மோசம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்கும் தப்பு. தேர்ச்சி சதவீதம் என்பது அந்த ஒரு முறை எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்லும் எண். எழுதியவர்களில் கடைசிவரை தேறாமலே போனவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. ஒரு பேச்சுக்கு, 100 பேர் படித்துவிட்டு வருகிறார்கள், எல்லோரும் இரண்டு முறை தவறி மூன்றாவது முறை தேறிவிடுகிறார்கள் என்று வையுங்கள். மூன்று தேர்வுகளையும் கூட்டினால் எழுதியவர் 300, தேறியவர் 100. மூன்றில் இருவர் தோல்வி என்று செய்தி வரும். ஆனால் அந்த நூறு பேரில் தேறாதவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்! நடைமுறை இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் நிறைய உண்டு. ஆனாலும் ஒரு தேர்வின் சதவீதத்தை எடுத்து மனிதர்களின் தலையில் ஒட்டுவது கணக்குத் தெரியாதவர் செய்கிற வேலை. 2023 ஜூன் தேர்வில் தேறியவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம். அதற்கடுத்த டிசம்பர் தேர்வில் ஏறக்குறைய 20. இடையில் ஆறே மாதம்தான். அதற்குள் நம் பிள்ளைகளின் அறிவு இரண்டு மடங்கு ஆகிவிட்டதா?

149-க்கும் 150-க்கும் வருவோம். உண்மையிலேயே பாதிக் கேள்விகளுக்கு விடையளிக்கிற அளவு படித்த ஒருவரை, ஒரே தரத்தில் அமைந்த 300 கேள்விகள் கொண்ட தாள்கள் பலவற்றை எழுத வைத்தால், அவருடைய மதிப்பெண் 150-ஐச் சுற்றி ஏறக்குறைய 9 கூடவும் குறையவும் ஆடும். புள்ளியியல் படித்த யாரும் இதை ஒரு தாளின் ஓரத்தில் போட்டுக்காட்டுவார்கள். அதாவது அவர் பாதி முறை தேறுவார், பாதி முறை தேறமாட்டார். அறிவு அதேதான், ஆளும் அதே ஆள்தான். 145 எடுத்தவரையும் 155 எடுத்தவரையும் இந்தத் தேர்வால் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல முடியாது. எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிர்வாகத்துக்காகக் கிழித்த கோட்டை மூளைக்கு நடுவே கிழித்த கோடாகப் படிக்க யார் அனுமதி கொடுத்தது?

இன்னொன்று, சொன்னால் பலருக்குக் கசக்கும். உள்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் தன் பல்கலைக்கழகம் நடத்தும் இறுதித் தேர்வில் தேறி, பயிற்சி மருத்துவராக ஓராண்டு வேலை பார்த்தால் உரிமம் வந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான நெக்ஸ்ட் என்ற உரிமத் தேர்வை 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே கொண்டுவந்தது. 2023-ல் அதை நடத்த முயன்றபோது உள்நாட்டு மாணவர்கள் கொந்தளித்தார்கள், தமிழக அரசு எதிர்த்தது, தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. எதிர்ப்புக்கு நியாயமான காரணங்கள் இருந்தன, நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் தான் எழுதவே விரும்பாத வகைத் தேர்வில் இன்னொருவர் தவறினார் என்பதற்காக அவரை மட்டம் தட்டும் உரிமை எங்கிருந்து வருகிறது?

தவறுகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். சமூக மருத்துவத்துக்கு 30 மதிப்பெண். அதில் வருவது நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களின் அமைப்பு. ஜார்ஜியாவின் திபிலீசியிலோ கிர்கிஸ்தானின் பிஷ்கேக்கிலோ இதை யார் பாடமாக நடத்துவார்கள்? தடயவியல் மருத்துவத்துக்கு 10. அதில் இந்தியக் குற்றவியல் சட்டம் கலந்திருக்கிறது. அந்தச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் மாறி, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் இங்கே மாற்று மருந்து தயாராகிறது. கட்டுவிரியன் கடித்தால் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது, ஆனால் இமை தொங்கி மூச்சு அடங்கும். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு மழைக்காலம் பயிற்சியில் இருந்தவருக்கு இது கண்ணால் கண்ட பாடம். பனி பெய்கிற ஊரில் ஆறு வருடம் இருந்தவருக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி. பூச்சிமருந்து குடித்தவரும் அப்படித்தான், ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் அப்படித்தான். இவை தெரியாமல் இங்கே வைத்தியம் பார்க்கக் கூடாது. அதனால்தான் இந்தத் தேர்வு வேண்டும் என்கிறேன். அதேசமயம், பாடத்தில் இல்லாதது தெரியாமல் இருப்பது திறமையின்மை ஆகாது. இடைவெளி எது என்று பெயர் சொல்ல முடிகிறது என்றால் அதை அடைக்கவும் முடியும்.

அடைக்க விடாமல் தடுப்பது அவமானம். முடிவு வந்த அன்றே சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பொய் தயாராகிறது. பையன் வெளியே தலைகாட்டுவதில்லை. "உட்கார்ந்து படிக்கல, அதான்" என்று அப்பா முடிவு கட்டுகிறார். இனிமேல் தினம் பதினாலு மணி நேரம் என்று பையனும் சபதம் எடுக்கிறான். பழைய கோச்சிங் சென்டர் சரியில்லை என்று புதிய ஆப்பும் புதிய நோட்ஸும் வருகின்றன. அனாடமி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பம். ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ ஓடுகிறது, மார்க்கர் பேனா ஓடுகிறது, நான்கு மாதம் ஓடிவிடுகிறது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் முதல் மாக் டெஸ்ட். அதில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து, மிச்ச டெஸ்ட்களை எழுதுவதே இல்லை. தன்னைப் பற்றிய தீர்ப்பு என்று நினைக்கிற எதையும் மனிதன் திரும்பிப் பார்க்க மாட்டான். ரத்தப் பரிசோதனை முடிவைக் கிழித்துப்போட்டுவிட்டு, கடையில் இருக்கிற எல்லா மாத்திரையையும் விழுங்குகிறவன் செய்கிற வேலைதான் இது.

மறுபடி எழுதப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் மதிப்பெண்ணைத்தான். 140-களில் நின்றவரும் 90-களில் நின்றவரும் ஒரே திட்டத்தில் படிக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே விடையைக் குறித்தாலே சுமார் 75 வரும் என்பதை நினைவில் வைத்தால், 90 என்பது என்ன சொல்கிறது என்று புரியும். 90-களில் நின்றவர் ஒரு தேர்வை எழுதாமல் விட்டு முழு ஆண்டு எடுத்துக்கொண்டு அடித்தளத்திலிருந்து வருவதே நல்லது; அடுத்த தேர்வையும் எழுதியே தீர வேண்டும் என்று வீட்டார் நெருக்கக் கூடாது. 140-களில் நின்றவர் எல்லாவற்றையும் கலைக்கவே கூடாது. அவரிடம் இருப்பதைக் கெடுக்காமல் ஓட்டைகளை மட்டும் அடைக்க வேண்டும்.

மதிப்பெண் எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முன்பே அறிவிக்கப்பட்ட விஷயம்தான். பொது மருத்துவம் 33, அறுவை 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30: நான்கு பாடங்களில் 125. இவற்றுக்கு வேராக இருக்கிற நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் மூன்றிலும் தலா 13. மனநலம், தோல், கதிர் சிகிச்சை, மயக்க மருந்து, எலும்பு, எக்ஸ்ரே ஸ்கேன் என்று ஒவ்வொன்றும் ஐந்தைந்தாக ஆறு சின்னப் பாடங்கள். கூட்டினால் அதுவும் 30. நம் ஆட்கள் அனாடமியில் நரம்புகளின் கிளைகளை ஒரு மாதம் மனப்பாடம் செய்வார்கள், இந்த ஆறையும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளுவார்கள்.

பிறகு, படிக்கிற விதம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, மறுதேர்வு எழுதுகிற ஒவ்வொருவர் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அது பழகிய முகத்தைப் பார்க்கிற நிம்மதி, அவ்வளவுதான். ஆகவே மாக் டெஸ்ட் கடைசி மாதத்து வேலை அல்ல, முதல் வாரத்து வேலை. எழுதிய பிறகு தவறான ஒவ்வொரு விடைக்கும் எதிரே காரணத்தைக் குறிக்க வேண்டும்: தெரியவே தெரியாதா, தெரிந்தும் அந்த நேரத்தில் வரவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாவது வகைக்காரர் இன்னொரு கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவது வீண்.

அமெரிக்காவில் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வில் தவறியவருக்கு, எந்தெந்தப் பகுதியில் எப்படிச் செய்தார் என்ற விவரத்தோடு மதிப்பெண் அறிக்கை வருகிறது. இங்கே கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் வெளியே வருவதில்லை. தவறியவர் கையில் மிஞ்சுவது மொத்தமாக ஓர் எண். எங்கே விழுந்தேன் என்று தெரியாமலே எழுந்திருக்கச் சொல்கிறது வாரியம். அந்த வெற்றிடத்தில்தான் வதந்தியும் கோச்சிங் வியாபாரமும் கொழிக்கின்றன.

ஊரின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விட முடியாது. தேறாதவர் டாக்டரே இல்லை என்று சொல்கிற இதே சமூகத்தில், சில தனியார் மருத்துவமனைகள் தேறாதவர்களை இரவு டியூட்டிக்குச் சொற்பச் சம்பளத்தில் வைத்துக்கொள்கின்றன. பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். மாட்டிக்கொள்கிறவர் அந்தப் பிள்ளைதான். எவ்வளவு பணமுடை இருந்தாலும் அந்த வேலைக்குப் போகாதீர்கள். 2022 டிசம்பரில் சி.பி.ஐ. 73 பேர் மீது வழக்குப் போட்டு 91 இடங்களில் சோதனை நடத்தியதே, அது இந்தத் தேர்வில் தேறாமலே மாநில மருத்துவ கவுன்சில்களில் பதிவு வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில். போலி என்ற பட்டம் யாருக்காவது பொருந்தும் என்றால், குற்றம் நிரூபணமானால் அவர்களுக்குப் பொருந்தும். குறுக்கு வழி இருந்தும் அதில் போகாமல், நான்காவது முறையாக ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவருக்கு அந்தப் பட்டம் எப்படிப் பொருந்தும்?

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. முடிவு வந்து இரண்டு வாரத்துக்குப் படிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். அதற்குள் பிள்ளை தூக்கமில்லாமல், சாப்பிடாமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற தொனியில் பேசினால் அதைச் சோம்பல் என்று எண்ணாமல் டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். தேர்வு வாரியத்துக்கும் ஒரு வார்த்தை: தவறியவருக்குப் பாடவாரியாக மதிப்பெண் கொடுங்கள், நடந்து முடிந்த கேள்வித்தாளை வெளியிடுங்கள். இரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, வாரியம் மனது வைத்தால் போதும்.